லயத்துக்கு ஒரு பக்கம்

மாமாவின் கையில் எப்போதும் ஒரு நசுங்கிய பால்மா டின் இருக்கும். அதற்குள் கோதுமை மாவில் காய்ச்சிய பசை. டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாவோ திருவிழாவோ, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு, லயத்துக்கு லயம் போய் நோட்டீஸ் ஒட்டுபவர் அவர்தான். ஒரு லயத்தை விட்டுவிட்டால் அங்கிருப்பவர்கள் "எங்களுக்குச் சொல்லலையே" என்று வராமல் இருந்துவிடுவார்கள். அப்படியொரு வீம்பு எங்கள் ஆட்களுக்கு.

நான் ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்த காலத்தில், வீட்டு வேலைக்கு வெளிநாடு போன மாமாவின் ஒரே மகளிடமிருந்து தகவல் நின்றுபோனது. அனுப்பிய ஏஜென்சிக்காரன் கையை விரித்துவிட்டான். அவள் படத்தையும் பெயரையும் போட்டு இணையத்தில் ஒரு பக்கம் செய்தேன். லயத்தில் போன் இல்லாததால் கடையின் எண்ணைக் கொடுத்தேன். மாமாவுக்குத் திருப்தியில்லை. "ஒரு எடத்துல ஒட்டுனா யாரு பாப்பா மாப்ள? லயத்துக்கு ஒண்ணு போடுங்க." இலவசமாக இடம் கிடைத்த தளங்களிலெல்லாம் அதே பக்கத்தை அப்படியே போட்டோம். வெளிநாட்டிலிருந்த நம்மவர்கள் சிலர், அவற்றில் ஒரு நகலுக்குத் தங்கள் தளங்களிலிருந்து இணைப்புக் கொடுத்தார்கள். மாமாவின் முகம் அன்றுதான் கொஞ்சம் தெளிந்தது.

பிறகு அந்தக் கடையை மூடிவிட்டார்கள். நான் வேறு கடைக்குப் போய், நான் முதலில் செய்த பக்கத்தில் புது எண்ணைப் போட்டேன். நகல்களின் கடவுச்சொற்கள் பழைய கடைக் கணினியோடு போயிருந்தன. தேடுபொறிக்கு எங்கள் லயத்து வழக்கம் தெரியாது. ஒரே விஷயம் பல இடங்களில் இருந்தால் அது ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்றதை ஒதுக்கிவிடும். எதற்கு இணைப்பு அதிகமோ, பெரும்பாலும் அதுதான் மேலே வரும். அப்படி மேலே வந்தது பழைய எண் இருந்த நகல். தளக்காரர்களுக்கு எழுதி எழுதி நகல்களை அழிக்க வைத்து, இணைப்புகளை முதல் பக்கத்துக்கு மாற்றச் செய்வதற்குள் ஒரு மழைக்காலமே ஓடிவிட்டது.

சரியான பக்கம் மேலே வந்த பிறகு அழைப்பு வந்தது. அந்த நாட்டு ஆஸ்பத்திரியொன்றில் துப்புரவு வேலை செய்யும், ராகலையிலிருந்து போன பெண் பேசினாள். "மொதல்ல இருந்த நம்பருக்கு எத்தனையோ தடவ எடுத்தேங்க. யாருமே தூக்கல. அப்பாகிட்ட ஒரு வார்த்த பேசணும்னு அந்தப் புள்ள கேட்டுக்கிட்டே கெடந்துச்சி. போன மாசம் தவறிப்போச்சுங்க." பக்கத்தில் நின்ற மாமாவிடம் நான்தான் அதைச் சொன்னேன். பூட்டிய கடைக்குள் மணி அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது.

துக்க நோட்டீஸ் அச்சாகி வந்ததும் மாமா பசை காய்ச்சினார். ஒன்றை எடுத்துத் தன் வீட்டுக் கதவில் ஒட்டினார். மற்ற லயங்களுக்கு நான் போகட்டுமா என்று கேட்டேன். "ஒண்ணு போதும் மாப்ள" என்று டின்னைக் கீழே வைத்தார். சொல்லாமலே எல்லா லயமும் வந்தது.

மாமாவும் இப்போது இல்லை. டின் என் மேசையில் பேனா போட்டுவைக்க உதவுகிறது. அடியில் பசை காய்ந்து பாறையாகிக் கிடக்கிறது. தளம் செய்துகொள்ள வருகிறவர்கள், இதையே இன்னும் நாலு இடத்தில் போடலாமே என்பார்கள். ஒன்று போதும் என்பேன். ஏன் என்று கேட்டால் தேடுபொறியைப் பற்றி மட்டும் சொல்வேன்.