இரண்டாம் மாடியில் ஒரு சிங்கள வகுப்பு

இருபத்தாறு வயதில்தான் நான் தனியாகக் கொழும்புக்குப் போனேன். அதற்கு முன்பும் யாழ்ப்பாணத்திலிருந்து நாலைந்து தடவை போயிருக்கிறேன். எல்லாம் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்த பயணங்கள். இந்த முறை ஒரு கம்பனியில் நேர்முகப் பரீட்சை. அப்பாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அம்மா அவரை விட்டு அசைய முடியாது. வெள்ளவத்தையில் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனின் மனைவி இருந்தார். அந்த மாமியை நான் கண்டதே இல்லை. அவர் வீட்டில் இரண்டு நாள் தங்குவதென்று ஏற்பாடு.

லீவு கிடைக்காததால் கூட வர முடியாத என் அண்ணா, எனக்கு மூன்று சிங்கள வசனங்களைப் பாடமாக்கித் தந்தார். ‘மெதன பஹினவா’ என்றால் இங்கே இறங்குகிறேன். ‘இஸ்ஸரஹட்ட யன்ன’ என்றால் முன்னுக்குப் போங்கோ. அதை நான் சொல்லத் தேவையில்லை, கொண்டக்டர் சொல்லுவார், பயப்படக் கூடாது. மூன்றாவது, ‘மட சிங்கள தேரென்னே நே’. எனக்குச் சிங்களம் விளங்காது.

ரயிலில் அம்மா ஒவ்வொரு ஸ்டேசனுக்கும் ஒரு தடவை போன் எடுத்தா. கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் இறங்கும்போது என் போன் செத்துப்போயிருந்தது. பரவாயில்லை, விலாசத்தைத் துண்டில் எழுதி வைத்திருந்தேன். வெள்ளவத்தைக்குப் போகிற காலி வீதி பஸ்ஸில் ஏறினேன். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் முதல் வசனத்தைச் சொல்லிப் பார்க்கும் ஆசை தாங்க முடியாமல் போயிற்று. சொன்னேன். பஸ் உடனே நின்றது. சும்மா சொல்லிப் பார்த்தேன் என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? பேசாமல் இறங்கி, அம்மா கட்டித் தந்த பாரத்தைத் தூக்கிக்கொண்டு மிச்சத் தூரத்தை நடந்தேன்.

துண்டில் இருந்தது மூன்றாம் மாடி, இடது பக்கக் கதவு. லிப்ட் வேலை செய்யவில்லை. நான் நிலமட்டத்தை ஒன்று என்று எண்ணிக்கொண்டு ஏறினேன். அதுதான் பிழை. நான் போய் நின்றது இரண்டாம் மாடி. கதவில் பிள்ளையார் படம் இருந்தது, அம்மா சொன்னது போலவே. கண்ணாடி போட்ட ஒரு அம்மா கதவைத் திறந்தார், அதுவும் அம்மா சொன்னது போலவே. வெள்ளவத்தையில் பாதிக் கதவுகளில் பிள்ளையார் இருக்கிறார், அவற்றில் பாதியைத் திறப்பவர்கள் கண்ணாடி போட்ட அம்மாமார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

“வாங்கோ வாங்கோ, உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்” என்றார்.

என்னை விட எவ்வளவோ மூத்தவர் ‘வாங்கோ’ என்கிறாரே என்று யோசித்தேன். கொழும்பு மரியாதை என்று முடிவுகட்டினேன். மாமி என்று கூப்பிட்டு, அம்மா தந்த மிளகாய்த்தூளையும் முருங்கைக்காயையும் ஒடியல்மாவையும் கையில் கொடுத்தேன். அவர் இதெல்லாம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிளேன்டீயும் உளுந்து வடையும் வந்தன. அதன் பின்னால் ஒரு புதுக் கொப்பியும் பேனையும் வந்தன.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகனுக்குப் பார்த்த, இல்லை, மகனே பார்த்துக்கொண்ட பெண்ணின் பெற்றோர் வீட்டுக்கு வருகிறார்களாம். சிங்கள ஆட்கள். எட்டு வருடம் கொழும்பில் இருந்தும் தனக்குச் சிங்களத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது, மரக்கறிக் கடையிலிருந்து டொக்டர் வரை இங்கே எல்லாம் தமிழிலேயே நடந்துவிடுகிறது என்றார். பிறகு கேட்டார், வீட்டுக்கு வருகிறவர்களை உள்ளே வாங்கோ என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கலியாணக் கதையை அம்மா எனக்குச் சொல்லவே இல்லை. ஆனால் மாமி ஆட்களைச் சோதித்துப் பார்ப்பவ, கவனமாக இரு என்று மட்டும் சொல்லியிருந்தா. இது சோதனைதான் என்று நினைத்தேன். தெரியாது என்று சொன்னால் தனியாக வந்த பிள்ளை இப்படியா என்று ஊருக்குக் கதை போகும்.

“இஸ்ஸரஹட்ட யன்ன” என்றேன். கிட்டத்தட்ட அதே அர்த்தம்தானே.

அவர் எழுதினார். மூன்று தரம் சொல்லிப் பழகினார். அடுத்ததாக, சந்தோசமாக இருக்கிறேன் என்பதற்கு என்ன? என்னிடம் கைவசம் அதிகம் இல்லை. ‘மெதன பஹினவா’வைக் கொடுத்தேன். அவர் அதையும் அழகான கையெழுத்தில் எழுதி, கீழே கோடு போட்டார்.

அப்போது மணி அடித்தது. வாசலில் குடையோடு ஒரு சிங்கள அம்மா நின்றார். வீட்டுக்கார அம்மா என்னைப் பெருமையோடு ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிமிர்ந்து நின்று, “இஸ்ஸரஹட்ட யன்ன” என்றார்.

வந்தவர் தயங்கி, அடுத்த வீட்டுக் கதவை நோக்கி இரண்டடி போனார். பிறகு திரும்பி வந்து ஏதோ கேட்டார். வீட்டுக்காரர் வாய் நிறையச் சிரிப்போடு, “மெதன பஹினவா” என்றார்.

அந்த அம்மா படிக்கட்டைப் பார்த்தார். வீட்டுக்காரரின் வெறுங்காலைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் மிச்சமிருந்த ஒரே வசனத்தைச் சொன்னேன்.

“மட சிங்கள தேரென்னே நே.”

அவர் கொச்சைத் தமிழில் தான்தான் சிங்கள டீச்சர், இன்றைக்கு முதல் வகுப்பு என்றார். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். “அப்ப நீங்கள் ஆர் பிள்ளை?”

சொன்னேன். அழுகைதான் முதலில் வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. கதிரையில் அமர்ந்து, கொப்பியை மடியில் வைத்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்குமட்டும் சிரித்தார். டீச்சருக்கு அர்த்தம் எழுதியிருந்த பக்கத்தைக் காட்டியதும் அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மேல்மாடி மாமியை வீட்டுக்காரரே போய்க் கூட்டிவந்தார். ஒரே கட்டிடத்தில் எட்டு வருடம் இருந்தும் இரண்டு பேரும் கதைத்ததில்லையாம். மாமி என் பயணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நேரே குசினிக்குள் போய், அம்மா தனக்கு அனுப்பிய மிளகாய்த்தூள் போத்தலைத்தான் முதலில் எடுத்தார். முருங்கைக்காய் ஏற்கெனவே அடுப்பில் இருந்தது. அதைத் திருப்பி வாங்க முடியாது என்பதால் எல்லோரும் அங்கேயே சாப்பிட்டோம், டீச்சர் உட்பட.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் நேர்முகப் பரீட்சைக்குப் பஸ்ஸில் தனியாகப் போய், சரியான இடத்தில் இறங்கினேன். ஞாயிறு இரவு மாமி அம்மாவுக்குப் போன் எடுத்து, சம்பந்திகள் வந்து போனதைச் சொன்னாவாம். கீழ்வீட்டு அம்மா சரியாகத்தான் வரவேற்றாராம். ஆனால் அவர்கள் விடைபெறும்போது பதற்றத்தில் ‘இஸ்ஸரஹட்ட யன்ன’ என்று சொல்லிவிட்டாராம். சம்பந்தியம்மா நின்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் சிரித்தாராம்.