முண்டாசு அவிழ்த்த நேரம்

அறுபத்திரண்டோ அறுபத்துமூன்றோ, ஒரு மார்கழி மாதம். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற ரோட்டில், கிணற்றுப் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் நான் டெம்பரவரி ஆளாக இருந்தேன். எங்கள் ஊர் காவாந்தண்டலம், அங்கே எங்களுக்கு நிலம் கிடையாது. கூலிக்கு ஏர் ஓட்டி, கூலிக்குக் கதிர் அறுத்த குடும்பம். அதிலிருந்து கம்பெனிக்குப் போன முதல் ஆள் நான்தான். பொங்கல் கழிந்ததும் ஒழுங்கான ஆட்களை பர்மனென்ட் ஆக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். உங்கள் அம்மா அப்போது மூத்தவளைச் சுமந்துகொண்டிருந்தாள். அந்த வேலை போனால் மறுபடியும் பண்ணையார் களத்தில் போய் நிற்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

பிள்ளைகளே, கம்பெனி என்றால் எல்லாமே சுகம் என்று நினைத்துவிடாதீர்கள். வயலில் அலுத்தால் வரப்பில் கொஞ்சம் உட்காரலாம். இங்கே நாள் முழுக்க நின்றபடியே வேலை. தண்ணீர் குடிக்கவும் மேஸ்திரியைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாயங்காலம் வெளியே வரும்போது வாட்ச்மேன் இடுப்பைத் தடவிப் பார்ப்பார், சோற்றுத் தூக்கைத் திறந்து பார்ப்பார். அது எனக்கு ரொம்ப நாள் கசப்பாக இருந்தது. எத்தனை சோப்பு போட்டாலும் சோற்றுக் கையில் எண்ணெய் நாற்றம் போகாது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே குழாய், ஒரே மாதிரி டம்ளரில் டீ. சங்கு ஊதினால் பாதி வேலையிலும் கையை எடுத்துவிடலாம், இன்னும் ஒரு வயல் பாக்கி என்று யாரும் நிறுத்திவைக்க மாட்டார்கள். இதைவிடப் பெரிய விஷயம், கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் மேனேஜர், கூட்டிப் பெருக்குகிறவரைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். ஊரில் பண்ணையார் வீட்டுப் பொடிப் பிள்ளையும் என்னை வாடா என்று கூப்பிடும். அதனால் முதல் முறை அவர் என்னை ‘வாங்க’ என்றபோது, எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அதுவரை நான் வெளியே முற்றத்தில் வார்ப்பு இரும்பு சுமந்துகொண்டிருந்தேன். அந்த வாரம்தான் உள்ளே, இரும்பைக் கடைகிற லேத் மிஷினில் விட்டார்கள். ஷெட்டின் கூரைக்குக் கீழே நீளமாக ஓர் இரும்புத் தண்டு சுற்றும். அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். ஒரே மோட்டார்தான் எல்லாவற்றையும் ஓட்டும். தோளில் துண்டு போடக் கூடாது, வேண்டுமானால் தலையில் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம் என்பது அங்கே சட்டம். நானும் முண்டாசு கட்டியிருந்தேன்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உண்டு. பெரிய மனிதர் எதிரே வந்தால் எங்கள் ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்து, அக்குளில் இடுக்கி, உடம்பைக் குறுக்கி நிற்க வேண்டும். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. அப்பன் செய்வதைப் பார்த்து மகனும் செய்வான். அன்றைக்கு மேனேஜர் ஷெட்டுக்குள் வந்தார். என் கை தானாகத் தலைக்குப் போனது. முண்டாசை அவிழ்த்தேன். துண்டின் ஒரு முனை காற்றில் ஆடி பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. மறுமுனை என் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. பெல்ட் என்னை அப்படியே மேலே இழுத்தது.

பக்கத்து மிஷின்காரர் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிக் குடும்பத்தவர். அவர் பாய்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். துண்டு டர்ரென்று கிழிந்தது. இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். மேஸ்திரி ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். ஷெட் முழுவதும் அடங்கிப்போனது.

“பழந்துணியா போச்சு, பொழச்ச. எங்க வூட்டுத் தறில நெஞ்ச துணியா இருந்தா கைய கொண்டுகினு போயிருக்கும்பா” என்றார் தறிக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. அதைவிட, நின்றுபோன மிஷின்களைப் பார்த்துத்தான் பயந்தேன்.

“ஒரு ஆளால மொத்த ஷெட்டும் நின்னுகினு கீது. இவன வூட்டுக்கு அனுப்பிட்லாம் சார்” என்றார் மேஸ்திரி.

மேனேஜர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்க, துண்டை யாருங்க கழட்டச் சொன்னது?”

“யாரும் சொல்லல சாமி.”

“சாமி கோயில்ல இருக்குதுங்க. அப்புறம் எதுக்குக் கழட்டுனீங்க?”

தறிக்காரர்தான் பதில் சொன்னார்: “நீ வந்தல்ல சார், அதான். அவங்க ஊர்ல அப்டிதான்.”

மேனேஜருக்கும் அது தெரியாத வழக்கம் இல்லை போலிருக்கிறது. கிழிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம், “இவரை அனுப்பிட்டா நாளைக்கு இன்னொருத்தர் கழட்டுவாருங்க. அந்தப் பழக்கத்தைத்தான் வெளிய அனுப்போணும்” என்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “இனிமே நான் வர்றப்ப யாரும் என்னைப் பார்க்கக் கூடாதுங்க. கும்பிடும் வேண்டாம். மிஷினைப் பாருங்க” என்றார். எனக்கு மருந்து போடச் சொல்லிவிட்டுப் போனார்.

சொல்வது சுலபம். மறுநாள் அவர் உள்ளே வருவது ஓரக்கண்ணில் பட்டதும் என் முதுகு தானாகக் கூனியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினையே பார்த்தேன். அவர் என் பின்னால் நின்றதும் தெரிந்தது, நகர்ந்ததும் தெரிந்தது. கழுத்தில் வேர்வை ஓடியது.

“இன்னாபா, கை அரிக்குதா?” என்றார் தறிக்காரர்.

“வாய மூடிகினு வேலையப் பாரு ணா” என்றேன். அவர் சிரித்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பொங்கல் கழிந்து என்னை பர்மனென்ட் ஆக்கினார்கள். அந்தச் சந்தோஷத்தோடு பெருநகர் என்கிற ஊரில் இருந்த உறவுக்காரர் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே எங்கள் ஊர்ப் பண்ணையார், அவரும் ஏதோ வேலையாக அங்கே வந்திருந்தார். வழியில் வாங்கிய புதுத்துண்டு என் தலையில் இருந்தது. கை பாதி தூரம் எழும்பியும் விட்டது. அந்தக் கையால் காதோரம் சொறிந்துகொண்டு, “நல்லா கீறீங்களா?” என்று கேட்டேன். அவர் என் தலையை ஒரு பார்வை பார்த்தார். “கம்பெனிக்காரன் ஆய்ட்டியா?” என்று கேட்டுவிட்டு நடந்தார். நான் துண்டை எடுக்காமலே உறவுக்காரர் வீட்டுக்கு நடந்தேன்.

அந்த ஷெட்டில் நின்று நின்று என் கால் வீங்கியது, காதும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. இருந்தாலும், பெரியவர் ஒருவர் வரும்போது செய்கிற வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பதும் அவருக்குச் செய்கிற மரியாதைதான் என்று எனக்குக் காட்டிய இடம் அது என்பதால், இன்றைக்கும் வேலைக்காக அதன் வாசலுக்குள் நுழையும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.