இடது கைக்குக் கிடைத்த சபாஷ்

எங்கள் அத்தான் யாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. கூச்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்தொரு வருஷமாக முடி வெட்டுகிறவர். வருகிற ஆள் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அதற்கப்புறம் ஊர்க்கதை, அரசியல், பையனின் பரீட்சை மார்க் எல்லாமே எதிரே இருக்கும் கண்ணாடியோடுதான். வீட்டிலும் பீரோ கண்ணாடியைப் பார்த்துத்தான் தனக்குப் பதில் வருகிறது என்பாள் என் அக்கா. அது கொஞ்சம் அதிகப்படி. உப்பு காரம் சேர்க்காமல் அவளுக்கு எதையும் சொல்ல வராது.

கடைக்கு வருகிறவர்கள் அவரை மாஸ்டர் என்பார்கள். சின்னக் கடைதான். ஒரு சுழல் நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு மேலே ஒரு கடிகாரம், பக்கத்தில் நாளிதழ் செருகிவைக்கும் ஸ்டாண்ட், எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒரு பக்கக் கிருதா மறுபக்கத்தைவிட ஒரு மயிரிழை இறங்கியிருந்தால்கூட அத்தானுக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை நான் அவசரத்துக்கு வேறு கடையில் வெட்டிக்கொண்டு போனேன். பின்பக்கத்தைப் பார்த்தவர், "யாரு மாப்ள வெட்டினது? படிக்கட்டு மாதிரி இருக்கு, ஏறி மாடிக்கே போகலாம்" என்றார். ஒரு வாரம் தொப்பியோடு திரிந்தேன்.

இப்படிப்பட்டவருக்குப் போன வருஷம் வலது தோள் இறுகிப்போனது. முதலில் வலி. "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று மாசக்கணக்கில் தூங்கி எழுந்தார். பிறகு கை நெஞ்சுக்கு மேலே வரவே மறுத்தது. சட்டையை ஆணியில் மாட்டக்கூட அக்காவைக் கூப்பிட வேண்டியதாயிற்று. முகச்சவரம் எப்படியோ செய்துவிடுவார். தலை முடியாது. ஒருநாள் ஒருவருக்குச் சுற்றிலும் வெட்டிவிட்டு உச்சிக்குக் கை எட்டாமல் நின்றுவிட்டார். அந்த மனிதர் அரைகுறைத் தலையோடு எழுந்து போனார். அத்தான் அன்றைக்கே ஷட்டரை இறக்கினார்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்யச் சொன்னார். அதற்குள் கை நூற்றுப்பத்து டிகிரியைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத் தோளை நெகிழ்த்த வேண்டியிருக்கும் என்றார். தொங்கும் கை பூஜ்யம், நேராக மேலே தூக்கினால் நூற்றெண்பது. அன்றைக்கு அத்தானின் கை அறுபத்தைந்தில் நின்றது. மயக்க மருந்து என்ற வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து அவர் முகத்தில் ரத்தம் இல்லை. ஊசிக்கே கண்ணை மூடிக்கொள்கிற ஆள் அவர்.

பயிற்சி சொல்லித்தரும் பிசியோ மேடம் இருப்பது பெரிய ஆஸ்பத்திரியில். இரண்டு பஸ் மாறி, அரை நாள் வரிசையில் உட்கார்ந்து, பத்து நிமிஷம் கையைக் காட்டிவிட்டு வர வேண்டும். முன்பெல்லாம் பாதிப் பேர் இந்த அலைச்சலிலேயே பயிற்சியை விட்டுவிடுவார்களாம். இப்போது ஆஸ்பத்திரிக்காரர்களே ஓர் ஆப் வைத்திருக்கிறார்கள். போனை எதிரே வைத்து நின்றால் போதும். கேமரா உங்கள் நோவுள்ள கையின் தோளையும் முழங்கையையும் கண்டுபிடித்து, எத்தனை டிகிரி தூக்கினீர்கள் என்று அளக்கும். முந்தின நாளைவிட ஒரு டிகிரி கூடினாலும் "சபாஷ்!" என்று ஒரு பெண் குரல் சொல்லும். கணக்கெல்லாம் அங்கே மேடத்தின் திரைக்குப் போய்விடும்.

அதை அத்தானின் போனில் ஏற்றிக் கொடுத்தது நான்தான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று கொஞ்சம் அலட்டிக்கொண்டேன். "முகம் தெரியற மாதிரி நில்லுங்க, அது சொல்றதைச் செய்யுங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் இடம் இல்லை. அதனால் அத்தான் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக் கடையிலேயே பயிற்சி செய்தார். ஒரு மாப் கம்பை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்க வேண்டும்.

முதல் வாரம் எழுபது. இரண்டாவது வாரம் எண்பத்தைந்து. நான்காவது வாரம் நூற்றிருபது! ஆறாவது வாரம் நூற்று அறுபத்திரண்டு! அக்கா தினமும் சாயந்திரம் போனை வாங்கி, ஆப் வரைந்து காட்டும், ஏறிக்கொண்டே போகும் அந்தக் கோட்டை எதிர்வீட்டுக்காரிக்கும் காட்டினாள். இடையில் ஒருமுறை பேசிய பிசியோ மேடம், வீடியோ சரியாக வராததால் குரலிலேயே, "சார், என்கிட்ட இருக்கிறவங்கள்லயே நீங்கதான் ஃபர்ஸ்ட்" என்றார். எனக்கும் தலைகால் புரியவில்லை. ஆப்பை ஏற்றியவன் நானல்லவா.

ஆனால் கடை மட்டும் திறக்கவில்லை. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல். ஒருநாள் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வெட்டுங்க அத்தான்."

சீப்பை எடுத்தார். காது வரைக்கும் வந்த கை அங்கேயே நின்றது. பல்லைக் கடித்தார், நெற்றி வியர்த்தது, சீப்பு கீழே விழுந்தது.

"கை எட்டலடா மாப்ள."

"போன்ல நூத்தி அறுபத்திரண்டுன்னு இருக்கு. எப்படி எட்டாம போகும்? மெஷின் பொய் சொல்லுமா?"

"அதுதான் எனக்கும் புரியல. எனக்குத்தான் பயம்போல."

"ஆமா, நோவு கைல இல்ல. மனசுலதான். முதல்ல அந்தப் பயத்தை விடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவர் குனிந்து இடது கையால் சீப்பை எடுத்ததைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் எரிச்சலாக வருகிறது.

இரண்டு நாள் கழித்து மேடம் வீடியோவில் வந்தார். கடை திறப்பதற்கு முன் பயிற்சியை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அத்தான் வழக்கமான இடத்தில் போனை வைத்துவிட்டு வழக்கமான இடத்தில் நின்றார். நானும் அக்காவும் ஓரமாக நின்றோம்.

"சார், உங்க கடிகாரம் நின்னு போச்சா?" என்றார் மேடம்.

"இல்லையே மேடம், ஓடுது."

"இங்க மணி பத்து இருபது. உங்க கடிகாரத்துல ஒண்ணு நாப்பது." திரைக்கு நெருங்கி வந்து உற்றுப் பார்த்தார். "சார்... அந்த விநாடி முள் ஏன் பின்னாடி போகுது?"

நாங்கள் மூவரும் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தோம். பத்து இருபது. முள் ஒழுங்காக முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது.

"வாட்ச் கட்டியிருக்கிற கையைத் தூக்குங்க சார்" என்றார் மேடம். அத்தான் வாட்ச் கட்டியிருந்த இடது கையைத் தூக்கினார். "அது எனக்கு வலது கையாத் தெரியுது. போனை எங்க வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். போன் அத்தானுக்கு எதிரே இல்லை. அவருக்குப் பின்னால், பெஞ்சுக்குப் பக்கத்தில் நாளிதழ் ஸ்டாண்டில், கொஞ்சம் சாய்வாகக் கண்ணாடியைப் பார்த்தபடி செருகியிருந்தது. முகம் தெரியவேண்டும் என்று நான் சொன்னேன். முகம் எங்கே தெரியும்? இவருடைய உலகத்தில் முகம் தெரிகிற இடம் ஒன்றுதான். ஆறு வாரமாக அந்த ஆப் பார்த்தது கண்ணாடிக்குள் இருந்த அத்தானை. அந்த அத்தானுக்கு வலது கை எதுவோ, அது இவருக்கு இடது. கம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சபாஷ் கேட்கிற ஆசையில் கம்பு நாளுக்கு நாள் சாய்ந்து, நல்ல கை மேலே மேலே போயிருக்கிறது. அதைத்தான் மெஷின் அளந்து அளந்து பாராட்டியிருக்கிறது.

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று மைக்கை அணைத்துவிட்டார். சத்தமில்லாமல் அவர் தோள் குலுங்குவது மட்டும் திரையில் தெரிந்தது. அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை.

மேடம் திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார். "சார், கை மேல போகலன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே? ஏன் சொல்லல?"

"தெரிஞ்சது மேடம்." வழக்கம்போலக் கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார். "ஆனா அது தினம் சபாஷ் சபாஷ்னுச்சு. ஒரு வருஷமா யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சொல்லல. நிறுத்த மனசு வரல."

என் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. பயத்தை விடுங்கள் என்று இந்த மனிதரிடம் போய் அறிவுரை சொன்னேனே, எனக்கு வாயில் அடி போட வேண்டாமா?

போனை எதிரே ஒரு ஸ்டூலில் வைத்து, கண்ணாடிமேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, மறுபடி அளந்தோம். எண்பத்தெட்டு. ஏறிக்கொண்டே போன கோடு படாரென்று விழுந்தது. அத்தான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், நீங்க ஏன் உக்காந்துட்டீங்க?" என்றார் மேடம். "அறுபத்தஞ்சுல வந்தீங்க, இப்ப எண்பத்தெட்டு. தப்பா அளந்தப்பவே இவ்வளவு ஏறியிருக்கு. இன்னும் ஆறு வாரம் இருக்கு. இது நிஜக் கணக்கு சார்."

அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போனபிறகு, "அத்தான், நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். "எதைச் சொன்ன?" என்று கேட்டார். மறந்தாரா, மறந்ததுபோல் விட்டுக்கொடுத்தாரா தெரியாது.

அதற்கப்புறம் குடும்பமே களத்தில் இறங்கியது. மேடம் பயிற்சியை மாற்றிக் கொடுத்தார். சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். இடது கை நடுவில் உதவிக்கு வந்துவிடாமல் இருக்க, அதைப் பாக்கெட்டுக்குள் போடவைத்துப் பக்கத்திலேயே காவல் நின்றாள் அக்கா. "அந்தக் கைக்கு ஏற்கனவே ஆறு வாரம் பாராட்டு விழா நடந்தாச்சு, போதும்" என்பாள். நான் சர்வீஸுக்குப் போகிற வழியில் தினமும் எட்டிப் பார்த்து எத்தனை டிகிரி என்று கேட்பேன். தொண்ணூற்று ஒன்று. தொண்ணூற்று ஒன்று. தொண்ணூற்று மூன்று. நாலு நாள் சேர்ந்தாற்போல் போன் வாயே திறக்காது. ஐந்தாவது நாள் "சபாஷ்!" என்றதும் அக்கா வாசலுக்கே வந்து எனக்குப் போன் போடுவாள்.

இதற்கு நடுவில் அந்த ஆப்பில் புதிதாக ஒரு வரி வந்தது. தொடங்குவதற்கு முன்னால் எல்லாருக்கும் காட்டும்: "கண்ணாடியைப் பார்த்தபடி போனை வைக்க வேண்டாம்." எத்தனையோ ஊரில் எத்தனையோ தோள்காரர்கள் தினமும் அதைப் படிக்கிறார்கள். "யாருக்காக எழுதினது தெரியுமா?" என்று அத்தான் பெருமையோடு கேட்பார். வெட்கப்பட வேண்டிய விஷயத்துக்குப் பெருமைப்படுகிற அளவுக்கு மனுஷன் தேறிவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பன்னிரண்டாவது வாரக் கடைசியில் மேடம் வீடியோவில் வந்தார். கம்பு இல்லை, சுவர் இல்லை, வெறும் கை. அத்தான் தூக்கினார். நெஞ்சைத் தாண்டியது, மோவாயைத் தாண்டியது, காதுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று யோசித்தது. அக்கா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள். கை மறுபடி கிளம்பியது. நூற்று இருபத்தேழு.

"மயக்க மருந்து வேண்டாம் சார்" என்றார் மேடம். "போய்க் கடையைத் திறங்க."

அக்கா அழுதுவிட்டாள். நானும்தான், சொல்வதற்கு என்ன வெட்கம்? அத்தான் எங்கள் இருவரையும் ஒதுக்கிவிட்டுக் கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் கடை திறப்பதாக அக்கா போனில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். நான் காலையில் இரண்டு ஃப்ரிட்ஜ் வேலையை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்குப் போனேன். இத்தனை நாள் கூடவே ஓடியிருக்கிறேன், சொந்த மச்சான் வேறு. மரியாதையாக முதலில் கூப்பிட்டு உட்காரவைப்பார் என்று ஒரு நினைப்பு. பெஞ்சில் இடம் இல்லை. வாசல்படியில் மூன்று பேர். நாற்காலியில் ஆறடிக்கு மேல் வளர்ந்த லாரி டிரைவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, அவருடைய உச்சந்தலையில் அத்தானின் வலது கை சீப்பும் கத்தரியுமாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் ஏதோ சொல்ல, அத்தான் சிரிக்க, பெஞ்சே சிரித்தது.

என்னைப் பார்த்ததும் கத்தரி நிற்கவில்லை.

"இன்னைக்கு முடியாது மாப்ள. ஆள் நிறைய இருக்கு. நாளைக்கு வா."

இப்படி ஒரு சந்தோஷத்தோடு நான் எங்கேயிருந்தும் திருப்பி அனுப்பப்பட்டதில்லை. "சரி அத்தான்" என்று சொல்லிவிட்டு, சடைபிடித்த தலையோடு தெருவில் இறங்கி நடந்தேன்.