ரம்புத்தான் தோல்

பெம்பான் ஊர்ப் பசாரில், சந்தைக் கடைகளில் ரம்புத்தான் பழம் குவித்திருந்தார்கள். ஒரு பெண் தன் மகளிடம், "தின்னாத லா, காய்ச்சல் வரும்," என்றாள். நான் அந்தக் குவியலின் முன்னால் நின்றேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், என் சின்ன வயதில், எங்கள் தோட்டத்துக் கூலிகளின் லய வீடுகளிலும் அதே பேச்சுதான். ரம்புத்தான் காலத்தில் மழையும் காய்ச்சலும் சேர்ந்தே வரும், பழி பழத்துக்கு. அக்கா காய்ச்சலில் நடுங்கியபோது அம்மா, "திருட்டுத்தனமா தின்னியாடி?" என்றாள். வயிற்றைக் காயப்போட்டால் சரியாகும் என்று கஞ்சியையும் நிறுத்தினாள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை.

அக்கா ஒரு பழம்கூடத் தொடவில்லை. தின்றது நான். தோல்களைக் கோழிக்கூண்டின் பின்னால் புதைத்திருந்தேன். சொன்னால் அடி விழும். இரண்டு நாள் கூண்டுக்கும் அக்காவின் பாய்க்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் தோல்களைத் தோண்டி அம்மாவின் முன்னால் கொட்டினேன். "நான்தாம்மா தின்னேன். எனக்குக் காய்ச்சல் இல்லையே."

அம்மா விறகை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அக்காவின் நெற்றியை. விறகைப் போட்டுவிட்டு அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அக்கா பிழைத்தாள். ஆனால் நான் வாய் திறக்காத அந்த இரண்டு நாள் இன்னும் உறுத்துகிறது.

பசாரில் ஒரு கொத்து வாங்கினேன். அந்தச் சிறுமியும் அவள் அம்மாவும் பார்க்க, நின்றபடியே உரித்துத் தின்றேன்.