ஏழு படிக் கொலுவும் நீல டியூபும்

வலியசாலையில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் வேலை கிடைத்து வளைகுடாவுக்குக் கிளம்பியபோது, அவர் கூடத்தில் இருந்த கடல் எங்கள் கூடத்துக்கு வந்தது. ஒரு கண்ணாடித் தொட்டி, காற்று ஊதும் சின்ன மோட்டார், உப்புத் தண்ணீருக்குள் ஒரு கல். கல்லின் மேல், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவில், ஓர் உயிர்க்கூட்டம். பவளத்தில் இது மெத்தென்ற வகை என்றார். அவர் வீட்டில் அவை ஆரஞ்சு விளிம்பும் பச்சை நடுவுமாக விரிந்து நிற்பதைப் பார்த்து நான் எத்தனையோ நாள் வாய் பிளந்திருக்கிறேன். ஆனால் மதிலுக்கு மேலாகச் சாமான்களைக் கைமாற்றும்போது, அவருடைய அண்ணா துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த விளக்கு மட்டும் விழுந்து நொறுங்கிவிட்டது. வெளிச்சமில்லாத நாலு நாளில் பொத்தான்கள் சுருங்கி நிறம் குன்றின.

என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். இடுப்பில் கை வைத்துத் தொட்டியைச் சுற்றி வந்தாள்.

"ஏன்னா, இது என்ன திங்கும்? மீனு கீனுன்னு ஏதாவது நம்மாத்து வாசப்படி தாண்டி வந்துதோ, நான் இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"ஒண்ணும் வேண்டாம்டீ. இதோட ஒடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்காம். அது வெளிச்சத்தை வாங்கிண்டு சமைச்சுப் போடும், இது சாப்பிடும்."

"வெளிச்சந்தான் சாதமா?" என்று அவள் கொஞ்சம் இளகினாள். "அப்போ நம்மளவாதான். ஆனா இது கொலு மூலையாக்கும். நவராத்திரி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள பழைய நெறம் வரலேன்னா, விழிஞ்ஞம் கடல்லயே கொண்டு விட்டுடுங்கோ. வாடற ஜீவனை அம்பாள் முன்னாடி வெக்கப்படாது."

நியாயமான பேச்சுதான். நான் ஒப்புக்கொண்டேன்.

படிப்பு எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. பிழைப்பு சாலைக் கடைவீதியில் ஒரு பாத்திரக்கடையில். வெளிச்சம் என்றால் எனக்குத் தெரிந்தது சுவாமி விளக்குதான். தீபத்தின் பொன்நிறத்தைவிட மங்கலமான வெளிச்சம் உண்டா என்று எண்ணி, தொட்டிக்கு மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். பொத்தான்களுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. ஆரஞ்சு இன்னும் மங்கியது, பச்சை போய்ப் பழுப்பு படர்ந்தது. பசித்த குழந்தைகள் எட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றும் கழுத்தை நீட்டி நீட்டி மேலே வந்தது. புதிதாக ஒன்றுகூட முளைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டிக்குக் கடல்நீர் எடுக்க கேனோடு விழிஞ்ஞத்துக்குப் பஸ் ஏறுவேன். அங்கே பாறையில் சிப்பி எடுக்க முங்குகிற ஒருவரிடம் ஒருநாள் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தார்.

"மஞ்ச லைட்டா? அடியில மஞ்சளும் இல்ல, சிவப்பும் இல்ல, சாமீ. கல்லுல கை கிழிஞ்சு ரத்தம் வந்தாக்கூட கறுப்பாட்டுதான் தெரியும். நீலம் மாத்ரம்தான் எறங்கி வரும், கேட்டோ."

வீட்டுக்கு வந்ததும் பல்பைச் சுற்றி நீலக் கண்ணாடித்தாளைச் சுற்றினேன். தொட்டி நீலமாயிற்று, இருட்டாகவும் ஆயிற்று. தாள் மற்ற நிறங்களைத் தடுத்ததே தவிர, குண்டு பல்பில் இல்லாத நீலத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? பொத்தான்கள் இன்னும் கழுத்தை நீட்டின. நீலம் விளக்கிலேயே பிறக்க வேண்டும் என்று புரிந்தது. அப்படி ஒரு விளக்கு எங்கே கிடைக்கும் என்பதுதான் புரியவில்லை.

ஆனி மாதம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். உடம்பில் மஞ்சள் தட்டியிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி, குழந்தையை விளக்கின் கீழ் படுக்கவைக்கச் சொன்னார். கண்ணைத் துணியால் கட்டி, என் மகளை அந்த வெளிச்சத்தில் கிடத்தினார்கள். அப்படி ஒரு நீலத்தை நான் கண்டதில்லை. தாள் ஒட்டிய நீலமல்ல, குழலுக்குள்ளிருந்தே பெருகும் நீலம். விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டே நின்றேன். அவள் மேனியில் மஞ்சள் இறங்கி, பகவான் கிருபையால் பால் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் கல்லின் நினைவு வந்தது. நர்ஸிடம், "சிஸ்டரே, இந்த டியூப் எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன். ஆரியசாலைக் கடை ஒன்றைச் சொன்னார்.

கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். "என்ன சாமி, வீட்டுலயே ஆஸ்பத்திரி தொறக்கப் போறீயளோ? நோயாளி யாரு?"

"ஒரு கல்லு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெளங்கும்!" என்று சொல்லிக்கொண்டே இரண்டடி டியூப் ஒன்றை எடுத்துவந்து நீட்டினார்.

அதை மாட்டும்போது மடியில் குழந்தையோடு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். "கொழந்தைக்கு மஞ்சள் எறங்கியாச்சு. இப்ப கல்லுக்கா மஞ்சக்காமாலை?"

சுவிட்சைப் போட்டேன். செத்துப்போனதாக நான் நினைத்த பழுப்புக்கு நடுவே, ஒவ்வொரு பொத்தானிலும் கடுகளவு பச்சை ஒளிர்ந்தது. கண்ணாடியில் பட்ட வெளிச்சமல்ல, உள்ளிருந்து வருகிற பச்சை. நிறம் எங்கேயும் போகவில்லை. தன் வெளிச்சத்துக்காகக் காத்திருந்திருக்கிறது.

பக்கத்தில் சாதாரண வெள்ளை டியூப் ஒன்றையும் சேர்த்து, பகல் முழுக்க இரண்டையும் எரியவிட்டேன். ஆடி போவதற்குள் நீண்ட கழுத்துகள் குட்டையாகிக் கல்லோடு படிந்தன. ஆவணியில் விளிம்பில் ஆரஞ்சு திரும்பியது. அதன்பிறகு அடியிலிருந்து குட்டிப் பொத்தான்கள் முளைக்கத் தொடங்கின. காலையில் நான் பூஜையை முடித்து வருவதற்குள் என் மனைவி எண்ணி முடித்திருப்பாள். "இன்னிக்கு ரெண்டு புதுசு!" என்று பூஜையறை வரை கேட்கும்படி கத்துவாள்.

நவராத்திரிக்கு முந்தின நாள் கொலுப்படி கட்ட பலகைகளை இறக்கினேன். எங்கள் வீட்டில் எப்போதும் ஒன்பது படி. அளந்து பார்த்தால் தொட்டி இடித்தது. நான் மோட்டாரை நிறுத்தித் தொட்டியை நகர்த்தப் போனேன்.

"அதைத் தொடாதேங்கோ," என்றாள் அவள். "ஏழு படி போதும்."

நான் நம்பாமல் நின்றேன். அவளோ பெட்டியிலிருந்து பள்ளிகொண்ட பத்மநாபன் பொம்மையை எடுத்து, முந்தானையால் துடைத்து, தொட்டிக்கு முன்னால் கிடத்தினாள். பெருமாளுக்குப் பின்னால் நீலக்கடல், அதில் பச்சையும் ஆரஞ்சுமாகப் பூக்கள். என் கை தானாகக் குவிந்தது.

சுண்டலுக்கு வந்த எந்த மாமியும் அந்த வருஷம் படியில் இருந்த பொம்மையைச் சரியாகப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு மலையாளத்து அம்மா கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து, "அய்யோ, இதுக்கு ஜீவனுண்டோ?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முன்னால் வந்துவிட்டாள். "ஜீவனுண்டு, சேச்சி. நம்மளவாதான், சுத்த சைவம். நீல வெளிச்சந்தான் சாதம். எங்காத்துக் கொழந்தையும் அந்த வெளிச்சத்துல கெடந்துதான் வந்தா."