சாராளின் சாம்பிராணிச் சட்டி

சட்டியில் கரி சிவந்ததும் சாராள் ஒரு பிடி சாம்பிராணியை அள்ளிப் போட்டார். குபுகுபுவென்று புகை எழுந்தது. பெயிண்ட் டப்பாக்களோடு நின்றிருந்த இரண்டு பேர் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்கள். "கும்புடாதீங்கப்பா, மூக்க மட்டும் தொறந்து வச்சிக்கினு இருங்க" என்றபடி அவர் படியேறிவிட்டார்.

நாற்பத்தெட்டு வயது. திருவள்ளூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை ஆபீஸ். கட்டட பிளான் போட்டு அனுமதி வாங்கித் தருவது தொழில். கைப்பையில் அளவு டேப், சாக்பீஸ், அரைக் கிலோ சாம்பிராணி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அதே பைதான். பக்கத்தில் உட்காருகிறவர்கள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் படியைத்தான் பார்ப்பார். புகையில் கண் தெரியாமல் இறங்குகிறவர் மாதிரி கண்ணை மூடி, சுவரைத் தடவி, எண்ணிக்கொண்டே இறங்குவார். அக்கா மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் இறங்கினார். காபி தந்த சம்பந்தியம்மாவிடம், பதினோராவது படி உயரம் அதிகம் என்று சொன்னார். கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே படியை இடித்துக் கட்டிவிட்டார்கள்.

இப்போது அவர் ஏறிக்கொண்டிருந்தது கும்மிடிப்பூண்டியில், ஒரு இரும்புக் கம்பெனி காலி செய்துவிட்டுப் போன ஐந்து மாடி ஆபீஸ். வாங்கியவர் பள்ளிப்பட்டுத் தேசப்பன். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். சுற்றியுள்ள ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்காக அதை இருபத்திரண்டு வீடுகளாக மாற்றியிருந்தார். ஆபீஸ் வீடாக மாற அனுமதி கிடைத்துவிட்டது. அன்று பதினொரு மணிக்குத் தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்துச் சரி என்றால் குடியேறலாம். அதற்கு முன்னால், ஒரு தளத்துப் புகை இன்னொரு தளத்துக்குப் போக வழியில்லை என்று சாராள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

ஆபீஸாக இருந்தபோது இல்லாத கெடுபிடி இப்போது எதற்கு என்று தேசப்பன் பலமுறை கேட்டதுண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். "ஆபீஸ்காரன் ஆறு மணிக்குப் பைய தூக்கினு பூடுவான் நைனா. ஊட்டுக்காரன் இங்கதான படுத்துத் தூங்குவான்?" கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையாக சார்ஜ் ஏறப்போகின்றன; தீப்பிடித்தால் புகை அங்கிருந்துதான் கிளம்பும். அதனால்தான் சட்டியை அங்கே வைத்திருந்தார்.

ஐந்தாவது மாடி. புதுப் பெயிண்ட் அடித்த படுக்கையறை. கட்டில் வரப்போகிற இடத்தைச் சாக்பீஸால் கோடிட்டு, தலைமாடு எது என்று பார்த்து, வெறும் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார். நான்கு நிமிடம் இருக்கும். மூக்கு துடித்தது. எழுந்து பார்த்தால், சுவர் மூலையில் ஜிப்சம் போர்டும் போர்டும் சேருகிற இடுக்கிலிருந்து நூல் மாதிரி புகை வந்துகொண்டிருந்தது.

சாராளின் முகம் பூத்துவிட்டது. ஓட்டையைக் கண்டால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "கெடைச்சிடுச்சி, கெடைச்சிடுச்சி" என்று வராந்தாவுக்கு ஓடிவந்தார்.

மேஸ்திரி எட்வர்ட் தலையைச் சொறிந்தார். பழைய ஏசிக்காகக் கீழ்த்தளத்திலிருந்து மேல்வரை ஓடிய தகரக் குழாயைக் கழற்றியதும் ஒவ்வொரு தளத்திலும் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை தெரிந்திருக்கிறது. "பாக்க அசிங்கமா இருந்துச்சி மேடம். போர்டு வச்சி நீட்டா மூடிட்டேன்." போர்டுக்குப் பின்னால் இருந்தது, வண்டி நிறுத்துமிடத்துக்கு நேர் மேலே ஐந்து மாடி உயர புகைபோக்கி.

ஏறிவந்த தேசப்பன் புகையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கார்த்திகை முடிய இன்னும் பன்னிரண்டே நாள். அதற்குள் பால் காய்ச்சிவிடலாம் என்று இருபத்திரண்டு குடும்பங்களுக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். மார்கழி பிறந்துவிட்டால் தை வரைக்கும் ஒருவரும் குடிவர மாட்டார்கள்; அதற்குள் பாதிப் பேர் வேறு வீடு பார்த்துவிடுவார்கள். அதிகாரி தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் பார்ப்பார், போர்டையா பிரிக்கப்போகிறார், கையெழுத்தைப் போடுங்கள், ஓட்டையைப் பொறுமையாக அடைக்கலாம் என்று கெஞ்சினார். சாராள் அசையவில்லை என்றதும் அவர் குரல் ஏறியது.

"உங்களுக்கு மார்கழில கிறிஸ்துமஸ்சு வருது மேடம். எங்களுக்கு மார்கழில பாலு பொங்காது."

"இந்த ரூம்ல நீங்க படுப்பீங்களா நைனா?"

தேசப்பன் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாராள் எட்வர்டின் கையிலிருந்த சுத்தியலை வாங்கிப் போர்டில் ஓங்கி ஒரு போடு போட்டார். வெள்ளைத் தூள் தலையெல்லாம் கொட்ட, அந்தக் கோலத்திலேயே அதிகாரிக்குப் போன் செய்து, இன்றைக்கு வரவேண்டாம் என்று சொன்னார். எட்டு நாள் கழித்துத்தான் வரமுடியும் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு கார்த்திகையில் மிஞ்சுவது நான்கு நாள்.

அந்த எட்டு நாளும் சாராள் பெரியபாளையம் வழி பஸ்ஸில் காலையிலேயே வந்து இறங்கினார். ஒவ்வொரு தளத்திலும் போர்டைப் பிரித்து, ஓட்டையில் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். எட்வர்டை "ரெண்டு கம்பி கூட போடு, உன் மாமியாரா படுக்கப் போறாங்க?" என்று விரட்டினார். "மாமியார்னா கம்பியே போட மாட்டேன் மேடம்" என்று அவரும் விடவில்லை. நடுவில் இரண்டு நாள் மழை. கான்கிரீட் காய வேண்டுமே என்று தேசப்பன் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டார்.

எட்டாம் நாள் பத்தரை மணி. இந்த முறை சட்டியில் இரட்டைப் பங்கு சாம்பிராணி. கழுத்துத் துண்டை எடுத்துக் கரியை விசிறியது தேசப்பன்தான். கீழ்த்தளத்தில் ஆளுக்கு ஆள் தெரியாத அளவுக்குப் புகை மண்டியதும், மூன்று பேரும் மேலே ஏறினார்கள். சாராள் ஒவ்வொரு மாடியிலும் நின்று மோந்து பார்த்தார்.

ஐந்தாவது மாடி. பழைய சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. அதற்குள் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினார். எட்வர்ட் கரணையைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். தேசப்பன் ஒரு கையில் சான்றிதழ்த் தாளும் ஒரு கையில் பேனாவுமாகச் சுவரோரம் நின்றார். நான்கு நிமிடம் போனது. ஐந்து, ஆறு. கீழே கேட்டருகே ஜீப்பின் ஹாரன் கேட்டது.

"மேடம், ஆபீசரு வந்துட்டாரு" என்றார் தேசப்பன் மெல்ல. "தூங்கிட்டீங்களா இன்னா?"

சாராள் இன்னொரு முறை நெஞ்சு விரிய மூச்சை இழுத்தார். பிறகு, கண்ணைத் திறக்காமலே, படுத்த வாக்கில் வலது கையை மட்டும் பேனாவுக்காக நீட்டினார்.