பட்டாளத்து வண்டிக்குப் புது ஹார்ன்

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை, பிரேசர் டவுனில் எங்கள் வீட்டு முன்னறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து கழற்றிப் போட்டார் என் வீட்டுக்காரர். அதன் பிறகு வந்தவர்கள் உட்கார நாற்காலி இல்லை. எல்லா நாற்காலியிலும் ஏதாவது ஒரு இரும்பு உட்கார்ந்திருந்தது. செயின் என் குழம்புச் சட்டியில் மண்ணெண்ணெயில் ஊறியது. அந்தச் சட்டியை நான் மறுபடி அடுப்பில் ஏற்றவில்லை.

முறைத்தால், "கொஞ்சம் பொறு, துரை வண்டி மாதிரி ஆக்கிக் காட்டுறேன்" என்பார். பட்டாளத்துப் பச்சையைச் சுரண்டிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். பின்னால் எனக்கென்று மெத்தை வைத்த சீட் போட்டார். ஹார்ன் மட்டும் ஊமையாகவே இருந்தது. பழைய சாமான் கடையில் ரப்பர் பந்து வைத்த ஹார்ன் ஒன்றை வாங்கி மாட்டினார்.

ஒரு சாயங்காலம் முதல் ஓட்டம் போனார். பெட்ரோல் ரேஷன் என்பதால், திரும்பும்போது எங்கள் தெரு இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு, ஹார்னை மட்டும் ஜம்பமாக அமுக்கிக்கொண்டே உருண்டு வந்தார். வீடு வீடாகக் கேட் திறந்தது. எதிர்வீட்டு அம்மா கையில் தட்டோடு வந்து, வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏங்க, இன்னிக்கு பன்னு இல்லியா?" என்றார். சைக்கிளில் வரும் ரொட்டிக்காரருக்கும் அதே ஹார்ன், அதே நேரம்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. என் கையிலும் தட்டு இருந்தது.